பள்ளியில் தர்மத்துக்குக் கைவினை மேளா: 640 ரூபாய் செலவு, 250 ரூபாய் வரவு. யாராவது வழி சொல்லுங்க

மஞ்சை_அம்மா | திங்கள், இரவு 11:14

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன். பொண்ணு ஏழாவது. தனியார் பள்ளி, பேர் வேண்டாம்.

இன்னைக்கு டைரில சீட்டு ஒட்டி வந்திருக்கு. கார்த்திகை தீபத்துக்கு முந்தின சனிக்கிழமை அறநிதி மேளாவாம். ஒவ்வொரு பிள்ளையும் அஞ்சு கைவினைப் பொருள் செஞ்சு எடுத்துட்டு வரணும், எதையும் 50 ரூபாய்க்குக் குறைச்சு விக்கக் கூடாது, வர்ற காசு முதியோர் இல்லத்துக்கு. கீழ பெற்றோர் கையெழுத்து.

போன வருஷக் கதைய சொல்லிடறேன். ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தால தள்ளிப்போய் ஜனவரில நடந்துச்சு. ஃபோம் ஷீட், பூ சுத்தற க்வில்லிங் பேப்பர் பட்டை, கண்ணாடிச் சில்லு, க்ளூ கன், அதுக்குக் குச்சி எல்லாம் சேர்த்து 640 ரூபாய். பொண்ணு ரெண்டு பூ சுத்தினா, மூணாவது பூவுல கண்ண சொருகிடுச்சு. மிச்சத்த நான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து செஞ்சேன். க்ளூ கன் பட்டு கட்டைவிரல் கொப்புளிச்சுப் போச்சு. மேளா அன்னைக்கு அவ ஸ்டால்ல மூணு ஐட்டத்த நான் வாங்கினேன், ரெண்ட மாமியார் வாங்கினாங்க. 250 ரூபாய் வசூல். நானே காசு போட்டு, நானே செஞ்சு, நானே திரும்பக் காசு குடுத்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். அந்தச் சாவி மாட்டுற பலகை இன்னும் ஃப்ரிட்ஜ் மேல தூசியோட கிடக்கு. வாட்ஸப் குழுவுல மட்டும் "நமது மாணவச் செல்வங்களின் கைவண்ணம்"னு படம் போட்டாங்க.

வீட்டுக்கு வர்ற வழில பொண்ணு கேட்டா: "அம்மா, அந்தப் பாட்டிங்களுக்கு இந்தப் பலகை போகுமா, காசு போகுமா?" அஞ்சு பொருள் கொண்டு போன பிள்ளைக்கு அதுகூடத் தெரியல.

மேளா வேண்டாம்னு சொல்லல. இந்தத் தடவை உருப்படியா எப்படிப் பண்றது?


ஓட்டி_மணி | திங்கள், இரவு 11:31

தலையைச் சுத்தி மூக்கைத் தொடற வேலை. அந்த 640ஐ நேரா இல்லத்து உண்டியல்ல போட்டிருந்தா 390 ரூபாய் கூடப் போயிருக்கும், உங்களுக்குத் தூக்கமும் மிச்சம்.


பாண்டி_பேப்பர்கடை | செவ்வாய், காலை 7:05

நான் புதுச்சேரில ஸ்டேஷனரி கடை வெச்சிருக்கேன். உண்மைய சொன்னா என் வியாபாரம்தான் கெடும், பரவால்ல.

வருஷா வருஷம் இந்த சீசன்ல அம்மாக்கள் ஒரு சீட்டோட வருவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வர்றவங்க "இது செஞ்சதே ரெடியா இருக்காண்ணே?"ன்னு குரலத் தாழ்த்திக் கேப்பாங்க. இருக்கு. தெர்மாகோல் வீடு, ஐஸ்குச்சி பேனா ஸ்டாண்டு, பாட்டில் பெயின்டிங், எல்லாம் ஒரு அக்கா வீட்ல செஞ்சு சப்ளை பண்றாங்க. அந்த அக்காவுக்கு இது சோறு, அதனால நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா மேளால "மாணவர் கைவண்ணம்"னு விக்கிறதுல கொஞ்சம் என் கல்லாவுல இருந்து போனதுதான்.

ஒரு தடவை ஒரே பேனா ஸ்டாண்டு மூணு ஸ்கூல் மேளாவுல இருந்துச்சுன்னு ஒரு கஸ்டமர் வந்து சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.


ஊசி_நூல் | செவ்வாய், மதியம் 1:20

நான் அரசுப் பள்ளில பகுதி நேரத் தையல் டீச்சர். 2012ல எங்கள எடுத்தாங்க. ஓவியம், உடற்கல்வி, தையல் மாதிரி பாடங்களுக்குத் தமிழ்நாடு முழுக்க பதினாறாயிரத்துச் சொச்சம் பேர், அப்ப மாசம் 5,000 ரூபாய், வாரத்துல மூணு அரை நாள். அதுல என்னத்த கத்துக்குடுக்க முடியும்னு கேக்காதீங்க, அது தனி இழைக்கு ஆகும்.

மஞ்சை அம்மா, உங்க சீட்டுல இருக்குற தப்பு அந்த "அஞ்சு பொருள்". பிள்ளைக்கு அஞ்சு செய்யத் தெரியாது. ஒண்ணு தெரியும், அதுவும் நாலு தடவை பிரிச்சுத் திரும்பச் செஞ்சா. அஞ்சு வேணும்னு கேட்டா செய்யறது அம்மாதான்.

நான் பிள்ளைங்களுக்கு ஒயர் கூடை சொல்லிக் குடுக்குறேன். பழைய காலத்து ஐட்டம்னு சிரிக்காதீங்க. நம்ம ஊர்ல காய்கறிக்குப் போறவங்க, டிபன் தூக்கிட்டு வேலைக்குப் போறவங்க எல்லாம் இன்னும் அதத்தான் தூக்குறாங்க. விலை கேட்டு வாங்குறாங்க, பாவம்னு வாங்கல. சின்ன டிபன் கூடைக்கு ரெண்டு கட்டு ஒயர். சாதா முடிச்சு போதும். சிவன்கண், நெல்லிக்காய் மாதிரி டிசைன் முடிச்சு எல்லாம் அப்புறம்.

அடி போடறது நான். அதுல முடிச்சு எண்ணிக்கை தப்புச்சுன்னா மேல எவ்வளவு இழுத்தாலும் கூடை நொண்டும். சுவர் எழுப்பறது அவங்க. முதல் ரெண்டு வரிசை தளர்வா இருக்கும், மூணாவதுல கை பிடிபடும். ஆள்காட்டி விரல்ல ஒயர் இழுக்கிற இடத்துல செல்லோடேப்ப ஒரு சுத்து சுத்தி விடுங்க, இல்லன்னா மூணாம் நாள் தோல் உரிஞ்சு பிள்ளை கூடையத் தொடாது. ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு ஒரு கூடை முடிக்க, தினம் அரை மணி உக்காந்தா, மூணு வாரம் ஆகும்.


நெய்தல்_நேர்மை | செவ்வாய், மதியம் 2:02

மூணு வாரம் தினம் அரை மணி, விரல் தோல் உரிய, விக்கறதுக்குப் பொருள். இதுக்கு வேற பேர் இருக்கு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ல வந்துச்சு, 2016ல திருத்தி, குடும்பத் தொழிலுக்கு உதவறது மாதிரி சில விலக்கு தவிர, 14 வயசுக்குக் கீழ எந்த வேலைக்கும் வைக்கக் கூடாதுன்னு ஆக்கினாங்க. நல்ல காரியத்துக்குன்னு சொன்னா எல்லாம் சரியாயிடுமா?


ஊசி_நூல் | செவ்வாய், மதியம் 2:40

தம்பி, நான் செல்லோடேப் ஒட்டச் சொன்னதே தோல் உரியக் கூடாதுன்னுதான். கிரிக்கெட் ஆடி முட்டி பேந்துட்டு வர்ற பிள்ளைய பத்தி யாரும் சட்டம் எழுதல.


ஓட்டி_மணி | செவ்வாய், மதியம் 2:44

டீச்சர் சிக்ஸர்.


நெய்தல்_நேர்மை | செவ்வாய், மதியம் 3:15

சிக்ஸர் அடிக்கிறது ஈஸி. என் கேள்வி கூடைய பத்தி இல்ல. கட்டாயம்னு சீட்டு ஒட்டி, கொறஞ்சபட்ச விலை வெச்சு, விக்காதவனைக் கிளாஸ்ல எழுப்பி நிக்க வைக்கிறாங்களே, அதப் பத்தி. என் அக்கா பையன நிக்க வெச்சாங்க. அவன் கொண்டு போன மெழுகுவத்தி வெயில்ல சாஞ்சு போச்சு, ஒண்ணுகூட விக்கல. அதுக்கப்புறம் அவனுக்கு தர்மம்னாலே வயித்த வலிக்குது.


ஊசி_நூல் | செவ்வாய், மாலை 4:10

நிக்க வெச்சது தப்பு. அதுல நான் உங்க கட்சி.


கணக்கு_ராமம் | செவ்வாய், இரவு 8:30

ஓய்வுபெற்ற கணக்காளன் என்ற முறையில் சில விஷயங்கள்.

முதலாவது, பணம் எந்தக் கணக்கில் விழுகிறது? இப்போதெல்லாம் ஸ்டாலில் கியூஆர் அட்டை வைக்கிறார்கள். பல இடங்களில் அது வகுப்பாசிரியரின் சொந்தக் கணக்கு. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய சம்பளமும் பிள்ளைகளின் தர்மப் பணமும் ஒரே இடத்தில் கலந்த பிறகு கணக்குக் கேட்பவருக்கும் சங்கடம், சொல்பவருக்கும் சங்கடம். நான் பார்த்த ஒரு மேளாவில் ரொக்க வசூலுக்கு ஒரு நோட்டு இருந்தது, ஜிபே வசூலுக்கு எதுவுமே இல்லை. யாரும் திருடவில்லை. எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். இல்லத்தின் சொந்த கியூஆர் அட்டையை வாங்கி ஸ்டாலில் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது, 80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை. "வரிச்சலுகை உண்டு" என்று நோட்டீஸில் போடுகிறார்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜியே கிடையாது. ஐம்பது ரூபாய் சாவிக்கொத்துக்கு இந்தப் பேச்சே தேவையில்லை என்பது வேறு.

மூன்றாவதைச் சொன்னால் பள்ளிகளுக்குப் பிடிக்காது. மூலப்பொருள் செலவைக் கழிக்காமல் "வசூல்" என்று அறிவிக்கிறார்கள். மஞ்சை அம்மாவின் 250 ரூபாய் அந்த வசூலில் வரவு. அவருடைய 640 எந்த ஏட்டிலும் இல்லை.


வில்லி_சக்கரம் | புதன், காலை 6:20

நான் வில்லியனூர். எங்க வீட்ல மண்ணு வேலை. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கு, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் இருக்கு. குறியீடு சுவத்துல மாட்டியிருக்கு, அடுப்பு எரியறதுக்கு அகல் விளக்குதான்.

கார்த்திகை மேளான்னா பெயின்ட் அடிச்ச அகல் நிச்சயம் இருக்கும். பிள்ளைங்க எங்ககிட்ட சில்லறைக் காசுக்கு வாங்கிட்டுப் போய், சுத்தி அக்ரிலிக் அடிச்சு, கல்லு ஒட்டி, இருபது முப்பதுன்னு விக்கும். விக்கட்டும், எங்களுக்கும் நூறு விளக்கு போச்சுன்னு சந்தோஷம்தான். ஆனா அத ஏத்திப் பாத்திருக்கீங்களா? திரி வைக்கிற மூக்குல அடிச்ச பெயின்ட் சூட்டுக்குப் பொரிஞ்சு கருகும், நாத்தம் வேற. சம்கி ஒட்டின கோந்து இளகி எண்ணெய்ல விழும். ஏத்த முடியாத விளக்க ஏன் விக்கணும்? ஷோகேஸ்ல வைக்கவா?

பெயின்ட் அடிச்சே ஆகணும்னா மூக்க விட்டுட்டு வெளிப்பக்கம், அடிவயித்துல மட்டும் அடிக்கச் சொல்லுங்க. காவியும் சுண்ணாம்பும் போதும், எங்க பாட்டி அதத்தான் பூசும். விக்கும்போது பிள்ளைங்க இதையும் சொல்லணும்: புது அகல முதல்ல தண்ணில ஊறப் போட்டுக் காய வெச்சு அப்புறம் எண்ணெய் ஊத்துங்க, இல்லன்னா மண்ணே பாதி எண்ணெயக் குடிச்சுடும். இது தெரியாம ஊத்திட்டு விளக்கு ஒழுகுதுன்னு எங்கள வையறவங்க ஜாஸ்தி.


கீரை_கட்டு | புதன், காலை 9:12

வில்லியனூர் அண்ணே, நன்றி. நாப்பது வருஷமா எண்ணெய் குடிக்க விட்டுட்டு இருந்திருக்கேன்.


பத்தாம்_வகுப்பு_ஆ | புதன், மாலை 5:50

அங்கிள் ஆன்ட்டி எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்டூடன்ட். எங்க ஸ்கூல் மேளால என்ன நடக்கும்னு சொல்றேன். எல்லாரும் எலுமிச்சை ஜூஸ் ஸ்டாலுக்கும் பானிபூரி ஸ்டாலுக்கும்தான் போவாங்க. கைவினை ஸ்டால் ஸ்டேஜ் பின்னாடி இருக்கும். வர்றது அந்தந்தப் பிள்ளையோட அம்மா அப்பா மட்டும்தான்.

போன வருஷம் நான் துணிப்பை வித்தேன். அப்பாவோட பழைய வேட்டில தைச்சது. மிஷின் மிதிச்சது அம்மா, வெட்டினது நான். ஒரு பாட்டி வந்து "எவ்ளோடா?"ன்னாங்க. அறுபதுன்னேன். "இருபதுக்குத் தா"ன்னாங்க. தர்மத்துக்குப் பாட்டின்னேன். "தர்மம் நான் தனியா போடறேன், பைக்கு என்ன விலைய சொல்லு"ன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. கைப்பிடிய இழுத்துப் பாத்தாங்க, உள்ள திருப்பித் தையலப் பாத்தாங்க, "ஒரு தையல்தான் ஓட்டியிருக்க, அரிசி வாங்கினா அத்துக்கும்"னாங்க. கடைசில முப்பத்தஞ்சுக்கு வாங்கினாங்க. உண்டியல்ல அம்பது ரூபாய் தனியா போட்டாங்க.

எனக்கு அன்னைக்கு அதுதான் பிடிச்சுது. மத்ததெல்லாம் மாமா சித்தின்னு வாங்கினது. இப்ப நான் கைப்பிடிக்கு ரெட்டைத் தையல் பெட்டி மாதிரி ஓட்டி நடுவுல குறுக்குப் போடறேன். அம்மா சொல்லிக் குடுத்தாங்க, இந்தத் தடவை மிஷினும் நானே.


ஊசி_நூல் | புதன், மாலை 6:15

தங்கம். அந்தப் பாட்டி கண்ணுல பட்டா எங்க ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வா, நான் வேலைய அவங்ககிட்ட குடுத்துடறேன்.

2021 கடைசில மீண்டும் மஞ்சப்பைன்னு அரசே ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி 2019 ஜனவரில பிளாஸ்டிக் பைக்குத் தடை. அதனால துணிப்பைக்கு எப்பவும் ஆள் இருக்கு. ஆனா பாட்டி சொன்ன மாதிரி அரிசி தாங்கணும்.


க்ராஃப்ட்_கிட்_சேல்ஸ் | புதன், இரவு 7:00

[இந்தப் பதிவு விளம்பரம் என்பதால் நீக்கப்பட்டது. மட்டுறுத்துநர்]


வடலூர்_ரயிலடி | வியாழன், காலை 5:40

எனக்கு வயது எழுபத்திரண்டு. எல்லோரும் பொருள், விலை, லாபம் என்றே பேசுகிறீர்கள். இதே மாவட்டத்தில், வடலூரில், வள்ளலார் 1867 மே 23இல் பசித்தவர்களுக்குச் சோறு போடச் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே யாரும் சாவிக்கொத்து விற்று நிதி திரட்டவில்லை. வண்டியில் அரிசி வரும், பூசணி வரும், போட்டுவிட்டுப் போவார்கள். தைப்பூசத்துக்கு வந்து பாருங்கள். பிள்ளைகளுக்குத் தர்மம் கற்றுத்தர வேண்டுமானால் வீட்டிலிருந்து தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாதம் முடிந்தால் வகுப்புக்கு ஒரு மூட்டை சேரும். க்ளூ கன் எதற்கு?


ஊசி_நூல் | வியாழன், மதியம் 1:05

ஐயா, பிடி அரிசி பெரிய விஷயம், மறுப்பே இல்ல. ஆனா அந்த அரிசி அப்பா வாங்கினது. பிள்ளை எடுத்து வைக்குது, அவ்வளவுதான். தனக்குன்னு ஒண்ணும் இல்லாத பிள்ளை எதக் குடுக்கும்? அதுகிட்ட இருக்கறது அதோட கையும் சாயங்கால நேரமும்தான். எங்க பள்ளில சில வீட்ல அந்தப் பிடி அரிசியே ரேஷன் அரிசி. அந்தப் பிள்ளைங்கதான் கூடை முடிக்கறதுல முதல்ல நிக்குது.


வடலூர்_ரயிலடி | வியாழன், மாலை 6:30

யோசிக்க வேண்டிய பேச்சு. ஒன்று ஒப்புக்கொள்கிறேன். என் காலத்தில் டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள் என்றால் வாத்தியார் ஆளுக்குப் பத்துக் கொடி குண்டூசியோடு கொடுப்பார். விற்றுக் காசு கொண்டு வர வேண்டும். நான் எங்கள் தெருவில் இரண்டு வீடு ஏறி இறங்குவேன், பிறகு அப்பாவிடம் போய் நிற்பேன். எட்டுக் கொடி அவர் சட்டைப் பையிலிருந்து வாங்கியதுதான். மறுநாள் வகுப்பில் "சமர்த்து" பட்டம் எனக்கு. ஆக, மஞ்சை அம்மாவின் கதை புதியதல்ல.


பாண்டி_பேப்பர்கடை | வியாழன், இரவு 7:10

கூடை, விலைன்னு பேச்சு வந்ததால இன்னொண்ணு. சுனாமிகா பொம்மை தெரியுமா? சுனாமிக்கு அப்புறம் 2005ல ஆரோவில் உபாசனா டிசைன் ஸ்டூடியோல மீனவப் பெண்களுக்கு மிஞ்சின வெட்டுத் துணில குட்டியூண்டு பொம்மை செய்யச் சொல்லிக் குடுத்தாங்க. செஞ்ச கைக்குக் கூலி உண்டு. ஆனா பொம்மைக்கு விலைச் சீட்டு கிடையாது, சும்மா குடுப்பாங்க. விருப்பப்பட்டவங்க நன்கொடை தரலாம். என் மேசைல ஒண்ணு தொங்குது, எவ்வளவுன்னு கேக்கறவங்ககிட்ட விலை இல்லன்னு சொன்னா முழிப்பாங்க. பொருளும் காசும் ஒண்ணோட ஒண்ணு கட்டித்தான் இருக்கணும்னு இல்ல.


கரை_மேட்டு_வீடு | வியாழன், இரவு 11:48

படிச்சுட்டு மட்டும் இருந்தேன். சுனாமின்னு வந்ததால எழுதுறேன்.

நான் தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26 அன்னைக்கு எனக்கு ஒம்பது வயசு. வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகல, வீடுதான் போச்சு. முகாம்ல இருந்தோம். நீங்க எல்லாம் குடுக்கற பக்கத்துல இருந்து பேசறீங்க, நான் வாங்கின பக்கம்.

லாரி லாரியா வந்துச்சு. பழைய துணி ரோட்டோரம் மலை மாதிரி கிடந்தது, மழைல நனைஞ்சு நாறிப்போச்சு, ஆடு மேஞ்சுது. அதையும் மனசோடதான் குடுத்திருப்பாங்க. எங்கயோ இருந்து ஒரு ஸ்கூல் பிள்ளைங்க கையால செஞ்ச வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாங்க. எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. எனக்கு வந்த அட்டைல கடல் வரைஞ்சிருந்துச்சு. நீல கலர் ஜிகினா, சுருண்டு நிக்கிற அலை, மேல ஒரு சூரியன் சிரிக்குது. நல்லாத்தான் வரைஞ்சிருந்தான் அந்தப் பையன். நான் அத மடிச்சு செருப்புக்கு அடில வெச்சுட்டேன். அவன் மேல கோவம் இல்ல. அவனுக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான்.

அதே மூட்டைல ஒரு துணிப்பை வந்துச்சு. காடாத் துணி, ஒரு காது நீளம் ஒரு காது குட்டை. யாரோ பிள்ளை தைச்சதுன்னு பாத்தாலே தெரியும். அம்மா அதுலதான் ரேஷன் வாங்கினாங்க, அதுலதான் எங்க ஸ்கூல் சர்ட்டிபிகேட் வெச்சிருந்தாங்க, தானே புயலப்பவும் 2011ல அதத்தான் தூக்கிட்டு ஓடினாங்க. கோணக் காது இருந்ததால தோள்ல மாட்டினா சாஞ்சு சாஞ்சு இருக்கும்.

அந்த இல்லத்துக்கு என்ன வேணும்னு யாராவது போய்க் கேட்டீங்களா?


மஞ்சை_அம்மா | வெள்ளி, காலை 6:02

கேக்கல. வெக்கமா இருக்கு. போன வருஷமும் கேக்கல. இந்த ஞாயிறு போறேன்.


மஞ்சை_அம்மா | ஞாயிறு, இரவு 9:25

போயிட்டு வந்தேன், பொண்ணும் வந்தா. திருப்பாப்புலியூர் தாண்டி உள்ள இருக்கு, இல்லத்தோட பேர் போடல.

அங்க இருக்கற பொறுப்பாளர் அம்மா முதல்ல சிரிச்சாங்க. இன்னைக்கு மட்டும் மூணு வீட்டு சாப்பாடு, ரெண்டு பிறந்தநாள், ஒரு திதி. கேசரியே மூணு கிண்ணம். "ஞாயித்துக்கிழமை எங்களுக்கு வயிறு பத்தல, செவ்வாக்கிழமை வாங்க, ரசம்தான்"ன்னாங்க. வேற என்ன வேணும்னு கேட்டதுக்கு ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் பொண்ண பக்கத்து ரூமுக்கு அனுப்பிட்டுச் சொன்னாங்க: பெரியவங்க டயப்பர், படுக்கைல போடற ரப்பர் ஷீட். "அத யாரும் பிறந்தநாளுக்குக் குடுக்க மாட்டாங்க. போட்டோ எடுக்க முடியாதுல்ல."

பொண்ணு அடுத்த ரூம்ல ஒரு பாட்டியோட உக்காந்திருந்தா. பாட்டியோட மருந்து, கண்ணாடி, சீப்பு எல்லாம் கட்டில் கால்ல கட்டின பிளாஸ்டிக் கவர்ல கிடக்கு. அது கிழிஞ்சு நூலா தொங்குது. வண்டில வரும்போது பொண்ணே கேட்டா, கட்டில்ல மாட்டற மாதிரி ஒயர் கூடை வருமான்னு.

டீச்சர், வருமா?


ஊசி_நூல் | ஞாயிறு, இரவு 9:40

வரும். கைப்பிடிய ஒரு பக்கம் மட்டும் நீளமா விடணும். அகலம் குறைவா, ஆழம் ஒரு ஜாண். சீப்பு நழுவாத அளவுக்கு முடிச்ச நெருக்கிப் போடணும். அடிக்கு எத்தனை ஒயர்னு படம் வரைஞ்சு அனுப்பறேன். மத்த பிள்ளைங்களையும் சேத்துக்கோங்க, தனியா செஞ்சா அலுத்துப்போகும்.


நெய்தல்_நேர்மை | ஞாயிறு, இரவு 10:15

கட்டாயம் இல்லாம, வர்ற பிள்ளைங்க மட்டும். அப்படின்னா என் ஓட்டு உண்டு. ஒயருக்கு 300 ரூபாய் நான் தர்றேன். மெழுகுவத்தி சாஞ்ச பையன் கணக்குல வெச்சுக்கோங்க.


மஞ்சை_அம்மா | நாலு வாரம் கழிச்சு, ஞாயிறு, மாலை 4:30

மேளா நேத்து முடிஞ்சுது. கணக்கு ராமம் ஐயா கேப்பாருன்னு எல்லாம் எழுதி வெச்சேன்.

கிளாஸ் டீச்சர்கிட்ட போய், அஞ்சு பொருளுக்குப் பதிலா ஒண்ணு, பிள்ளையே செஞ்சதுன்னு கேட்டேன். முதல்ல முகம் சுளிச்சாங்க. எல்லா வகுப்புக்கும் ஒரே விதின்னாங்க. அப்புறம் "சரி, உங்க குழுவுக்கு மட்டும்"ன்னாங்க. நம்ம குழு ஒம்பது பிள்ளைங்க. எங்க வீட்டு மொட்டை மாடி, சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஏழு. அடி எல்லாம் நான்தான் போட்டேன், தையல் டீச்சர் படம் பாத்துப் பாத்து. ரெண்டு பிள்ளைங்க பாதில நின்னுட்டாங்க, ஒண்ணும் சொல்லல. ஒரு பையன் மூணு கூடை முடிச்சான், படிப்புல கடைசி பெஞ்ச், முடிச்சுல முதல் பெஞ்ச்.

விக்கறதுக்கு 12 டிபன் கூடை, கூடைக்கு ரெண்டு கட்டு, 24 கட்டு ஒயர், கட்டு 40 ரூபாய், ஆக 960. மேளால 8 கூடை 200 ரூபாய்க்கும் 3 கூடை பேரம் பேசி 150க்கும் போச்சு. வரவு 2,050. செலவு போக 1,090. நான் ஒண்ணுகூட வாங்கல. எலுமிச்சை ஜூஸ் ஸ்டால்காரங்க எங்களவிட டபுளா சம்பாதிச்சாங்க, பத்தாம் வகுப்புத் தம்பி சொன்னது சரி. கியூஆர் இல்லத்தோடது, நோட்டுல ரெண்டு வகை வரவும் எழுதினோம், ஒயர் செலவு முதல் வரில.

ஒயருக்குப் போட்ட முதல எடுத்துக்கிட்டு, மிச்சத்துக்கு அந்தம்மா கேட்ட மாதிரியே டயப்பர் ரெண்டு பாக்கெட், ரப்பர் ஷீட் ஒண்ணு வாங்கினோம். கொஞ்சம் கையில இருந்தும் போச்சு. மேடைல அறிவிக்கும்போது "படுக்கைக்கான பொருட்கள்"னு சொன்னாங்க. பரவால்ல.

கட்டில் கூடை தனி, அது விக்கல. நெய்தல் தம்பி குடுத்த 300ல ஏழு கட்டு வாங்கினோம், ஏழு கூடை வந்துச்சு, மீதி 20 ரூபாய் நோட்டுல இருக்கு. இன்னைக்குக் காலைல கொண்டு போய் மாட்டினோம். அந்தப் பாட்டி கூடைக்குள்ள கைய விட்டு அடிய தட்டிப் பாத்தாங்க. அப்புறம் சீப்ப எடுத்துப் போட்டாங்க, கண்ணாடியப் போட்டாங்க, தலகாணிக்கு அடில இருந்து ஒரு சின்ன மூட்டை எடுத்துப் போட்டாங்க. "நீயா பின்னுன?"ன்னு பொண்ணக் கேட்டாங்க. "அடி மட்டும் அம்மா"ன்னா.

விக்காம வீட்ல நிக்கிற பன்னெண்டாவது டிபன் கூடை மட்டும் ஒரு பக்கமா சாயுது. அதுவும் பொண்ணு பின்னினதுதான். ஏன்னு தெரியல.


கணக்கு_ராமம் | ஞாயிறு, மாலை 5:10

வரவு செலவு சரியாக இருக்கிறது. நோட்டைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிப் பாருங்கள். ஒட்ட மாட்டார்கள். இருந்தாலும் சொல்லுங்கள்.


கரை_மேட்டு_வீடு | ஞாயிறு, மாலை 5:55

அந்தச் சாஞ்ச கூடைய விக்க வேண்டாம். எனக்கு வேணும், 200 தர்றேன்.


ஊசி_நூல் | ஞாயிறு, மாலை 6:20

விக்கறதுக்கு முன்னாடி திருப்பி அடிய எண்ணுங்க. சாயற பக்கத்துல மூலை திரும்பற இடத்துல ஒரு முடிச்சு விட்டுப்போயிருக்கும்.


மஞ்சை_அம்மா | ஞாயிறு, மாலை 6:41

எண்ணினோம். ஒரு பக்கம் 12, இன்னொரு பக்கம் 11. அடி போட்டது நான்தான். பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கிறா.